வேனுக்கு நான் எழுதிய சிட்டா

என் கையெழுத்து அழகாக இருக்கும். என்னைக் கெடுத்தது அதுதான்.

சிலரைக் குடி கெடுக்கும், சிலரைச் சீட்டாட்டம் கெடுக்கும். எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. பி.காம். முடித்துவிட்டு, எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பத்திர எழுத்தரிடம் உதவியாளனாக உட்கார்ந்திருந்தேன். எதைப் பார்த்தாலும் எண் போட்டு, எல்லை போட்டு, பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று கை அரிக்கும். வீட்டில் உப்பு ஜாடிக்கு 'உப்பு' என்று எழுதி ஒட்டியவன் நான். (அது உப்பு என்று தெரியாத ஆள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தெருவுக்கு இரண்டு பேர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தார்கள். அவர்கள் வீடுகளுக்கெல்லாம் மாடி வந்துவிட்டது. எங்கள் அண்ணன் ஒரு படி மேலே போய் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். நான் மட்டும் அடுத்தவன் நிலத்துக்கு நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தேன். நானும் சிங்கப்பூர் போக ஏஜென்ட் தயார். பணத்துக்கு ஒரே வழி, அப்பா விட்டுப்போன நிலத்தை விற்பது. வாங்க வந்தவரும் தயார்தான். மொத்தமாக வேண்டும், வில்லங்கம் கூடாது என்றார். அதாவது, கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வசந்தா, தன் பங்கை அண்ணனுக்கும் எனக்கும் விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா மறுக்கவே இல்லை. இதை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் சொல்லிவிடுவேன். "எனக்கு எதுக்குடா நிலம்? நீ பொழைச்சா சரி. தேதியச் சொல்லு, வந்து போட்டுட்டுப் போறேன்" என்று போனிலேயே முடித்துவிட்டாள். நான் சும்மா இருந்திருந்தால் போதும். அது ஒன்றுதான் எனக்கு வராது.

அண்ணனுக்கும் வராது. "நேரா ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய் கையெழுத்து வாங்குனா நல்லாவா இருக்கும்? ஃபேமிலியா ஒரு டூர் போயிட்டு வருவோம். அவளும் சந்தோஷமா போடுவா" என்றார் லீவில் வந்தவர். அமெரிக்காவில் லீவு விட்டால் வீடு மாதிரி ஒரு வண்டியில் ஏறிக் காட்டுக்குப் போய்விடுவாராம். அதே மாதிரி ஒன்றைச் சென்னையில் ஒரு நண்பரிடம் கேட்டு வரவழைத்துவிட்டார். இரண்டு நாள் கோடியக்கரை, மூன்றாம் நாள் பத்திர ஆபீஸ் என்று ஏற்பாடு.

வெள்ளை வெளேரென்று நீள வேன். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கடைசியில் ஒரு டாய்லெட். வீட்டு வாசலில் வந்து நின்ற அரை மணி நேரத்தில் ஒன்பது பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள், கண் ஆஸ்பத்திரி முகாம் வண்டி என்று நினைத்து. அண்ணி கறுப்புக் கண்ணாடியோடு இறங்கியதும் அவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. "டாக்டரம்மா, இடது கண்ணுல பூ விழுந்துருக்கு, பாருங்க" என்று ஒரு பெரியவர் இமையை விரித்துக் காட்டினார். (அண்ணி உள்ளே போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். அந்தக் கண்ணை அவர் தொடவே இல்லை.)

வண்டியின் இரண்டு பக்கமும் சாமான் வைக்க லாக்கர்கள். எண்ணிப் பார்த்தேன், எட்டு. எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, லாக்கரையெல்லாம் நான் ஒழுங்கு பண்ணிடட்டுமா?"

"பண்ணு. எது எங்க இருக்குன்னு யாரும் கேக்கக் கூடாது. பாத்தாலே தெரியணும்" என்றார் அண்ணன். நன்றாகவே தெரிந்தது, பின்னால்.

நான் சாதாரணமாக ஒழுங்கு பண்ணவில்லை. நிலத்துக்கு இருப்பதுபோல அந்த வண்டிக்கு ஒரு சிட்டாவே எழுதினேன், யாருக்கு எந்தப் பகுதி என்று. லாக்கர் ஒன்றும் இரண்டும் அண்ணனுக்கு. மூன்றும் நான்கும் அண்ணிக்கு, அதில் மூன்று முழுக்கத் தண்ணீர் பாட்டில். (காவிரிக் கரையில் பிறந்த அண்ணனும் சீல் பிரிக்காத பாட்டிலைத்தான் குடித்தார். அந்த வருடம் ஆற்றிலும் தண்ணீர் இல்லாததால் நான் வாதாடவில்லை.) ஐந்து எனக்கு, ஆறு சமையலுக்கு, ஏழு டிரைவர் முருகேசனுக்கு. ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு: 'கேஸ் அடுப்புக்கு மேற்கு, முருகேசன் பாத்தியதை லாக்கருக்குக் கிழக்கு'. வரிசைகளுக்கு வடக்கு வரிசை, தெற்கு வரிசை என்று பெயர்.

எட்டாவது லாக்கர் கடைசியில், பின்சக்கரத்துக்கு மேலே, டாய்லெட்டை ஒட்டி இருந்தது. செருப்பு, வாளி, துடைப்பம், ஈரத்துணி எல்லாம் அதில். 'பொது' என்று எழுதி ஒட்டியிருக்கலாம். மனிதனாகப் பிறந்த எவனும் அப்படித்தான் ஒட்டியிருப்பான். நான் பத்திர எழுத்தரின் உதவியாளன் ஆயிற்றே, 'புறம்போக்கு' என்று எழுதி ஒட்டினேன். ஒட்டிவிட்டு, நானே தள்ளி நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

அக்கா பெயருக்கு ஒரு லாக்கர்? இல்லை. வேண்டுமென்று விட்டிருந்தால்கூட ஒரு சண்டையாகப் போயிருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் கேவலம்.

கும்பகோணத்தில் அவர்கள் தெருவுக்குள் வேன் நுழையாது. அக்காவும், பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த மச்சானும் மெயின் ரோட்டுக்கு நடந்தே வந்தார்கள். மச்சான் கையில் எங்கள் எல்லோருக்கும் புளியோதரை. அக்கா கையில் ஒரு துணிப்பை. கண்காட்சிக்கு வந்தவள் மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"பைய எங்கடா வைக்கட்டும்?"

"குடுக்கா" என்று வாங்கி, ஒரு நொடிகூட யோசிக்காமல், எட்டாவது லாக்கரைத் திறந்து செருப்புகளுக்கு மேலே வைத்து மூடினேன்.

திருவாரூர் தாண்டியதும் அண்ணி தண்ணீர் கேட்டார். "வடக்கு வரிசைல மூணாவது, அண்ணி" என்றேன். அண்ணி சென்னைக்காரர், திசை தெரியாது. அக்காவுக்குத் தெரியும். எந்த இருட்டறையில் அடைத்தாலும் வடக்கு எது என்று சொல்லிவிடுவாள். "வடக்கு பின்னாடில்ல இருக்கு அண்ணி" என்று கையைக் காட்டினாள். அண்ணி பின்னால் போய்க் கதவைத் திறந்தார். டாய்லெட்.

நான் சிட்டா எழுதியபோது வண்டி எங்கள் வாசலில் கிழக்கே பார்த்து நின்றது. இப்போது தெற்கே போய்க்கொண்டிருந்தது. நிலம் திரும்பாது, வேன் திரும்பும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அக்காதான் அதிகம் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க, அந்தச் சிட்டாவக் காட்டு" என்று கேட்டாள்.

கதவில் ஒட்டியிருந்ததைப் பெருமையாகக் காட்டினேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"முத்து முத்தா எழுதியிருக்கடா... ஏழு, டிரைவர் முருகேசன்..."

"எனக்குமாங்க?" என்றார் முருகேசன் முன்னாலிருந்து, சந்தோஷமாக.

விரல் எட்டில் நின்றது. "புறம்போக்குன்னு திட்டுவாங்களே, அதுவாடா?"

"திட்டுறது வேறக்கா. பத்திரத்துல அதுக்கு அர்த்தமே வேற" என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒன்றை யாராவது கேட்டுவிட்டால் போதும். "யாரு பேருக்கும் பட்டா இல்லாத இடம். யாரு வேணா வரலாம், போகலாம். ஆனா எனக்குன்னு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது."

"ஓ" என்றாள் அக்கா. "என் பை அதுலதான இருக்கு?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ வயலைப் பார்த்தார். அந்த வயலில் ஒன்றும் இல்லை.

கோடியக்கரையில் இறங்கிப் பையை எடுத்தபோது அடுத்தது. டாய்லெட்டுக்கு ஊற்றும் நீல மருந்து எங்கோ கசிந்து லாக்கருக்குள் இறங்கியிருந்தது. அக்கா பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள். புதுசு, அட்டைகூடப் பிரிக்கவில்லை. மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.

"உனக்குத்தான் எடுத்தேன். ஏரோப்ளேன் ஏறும்போது போட்டுக்கன்னு" என்றாள். என்னைத் திட்டவில்லை. நான்கு அறை விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். சட்டையை அலசிப் பிழிந்து ஒரு மரக்கிளையில் போட்டுவிட்டு, அது காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூநாரைகள் வந்திருந்தன. தூரத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது, அண்ணி படம் எடுத்தார். நான் உப்பளத்துப் பாத்திகளை எண்ணிக்கொண்டிருந்தேன். (அந்த நிலைமையிலும்!) பிறகு ஓடிப்போய் என் ஐந்தாம் நம்பர் லாக்கரைக் காலி செய்து, புதுத் தாளில் 'வசந்தா அக்கா' என்று எழுதி ஒட்டி, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதையும் அழகான கையெழுத்தில்தான் எழுதியிருந்தேன்.

"வேணாம்டா. நீ மொதல்ல எழுதிக் குடுத்த இடமே போதும்" என்றாள்.

மூன்றாம் நாள் பத்திர ஆபீஸ். விடுதலைப் பத்திரம் அண்ணனின் ஒன்றாம் நம்பர் லாக்கரில் பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு சொட்டு ஈரம் படாமல் இருந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். பக்கத்தில் நின்று நான் பேனா மூடியைத் திறந்து பிடித்திருந்தேன்.

"இதையும் நீதான் எழுதினியா?"

"ஆமாக்கா."

"அதே கையெழுத்து" என்று பேனாவை வாங்கினாள். மூடியையும் வாங்கினாள். பேனாவை மூடி, என்னிடமே கொடுத்துவிட்டாள். "வண்டியில எனக்கு எடமில்ல. சரி, அது ரெண்டு நாளு. இதுல போட்டுட்டா நம்ம ஊர்லயே நான் புறம்போக்குதானடா?"

"வசந்தா, ஒரு லேபிளுக்காகவா?" என்றார் அண்ணன்.

"லேபிளுக்காகத்தான் அண்ணே. அத இவன் எழுதி ஒட்டலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

மூன்று நாளும் வாயைத் திறக்காத மச்சான் அப்போதுதான் பேசினார். "கும்பகோணம் பஸ்ஸு நிக்குது, வா." போகிற வழியில் அக்கா வேன் பக்கத்தில் நின்றாள். எட்டாவது லாக்கரில் இருந்த லேபிளை நகத்தால் நெம்பி, ஓரம்கூடக் கிழியாமல் உரித்து, மணிபர்ஸில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வாங்க வந்தவர் வேறு நிலம் பார்த்துக்கொண்டார். எங்கள் நிலம் மூன்றாகப் பிரிந்தது. அண்ணன் தன் பங்கை விற்றார். இன்று அதில் கலர் கல் நட்டு ஏதோ ஒரு நகர் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். என் பங்கைத் தனியாக விற்றதில் சிங்கப்பூர் பாதி தூரம்தான் போக முடியும் போலிருந்தது, அதனால் பத்திர ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்தேன். அக்காவின் பங்கில் மட்டும் இன்னும் நெல் விளைகிறது. நான்தான் நட்டு, அறுத்துக் கொடுக்கிறேன். யார் நிலம் என்று கேட்பவர்களிடம் "எங்க அக்கா நிலம்" என்கிறேன். இந்தக் கதையை அமெரிக்காவில் விருந்துகளில் சொல்லி அண்ணன் சிரிப்பாராம். அங்கே இருந்துகொண்டு சிரிப்பது சுலபம்.

அக்கா பிள்ளைகளுக்கு நான் புறம்போக்கு மாமா. மூத்தவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடமே "இவருதான் எங்க புறம்போக்கு மாமா" என்று அறிமுகம் செய்தார்கள். சம்பந்தி, குடிகாரனோ என்று என் வாயருகே மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றார்.

கும்பகோணத்துக்குப் போனால் அக்கா வீட்டில்தான் தங்குவேன். அங்கே அலமாரியில் எனக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறாள். அதன் விளிம்பில் பழுப்பேறிய ஒரு தாள், செலோடேப் போட்டு ஒட்டியது. புறம்போக்கு. அத்தனை வருடமாகியும் எழுத்து மங்கவே இல்லை, நல்ல மையில் எழுதித் தொலைத்திருக்கிறேன். பையை வைக்கத் தட்டைக் காலி செய்தால், அடியில் அந்தச் சட்டை இருக்கும். இஸ்திரி போட்டு, நீலக் கறை மேலே தெரிகிற மாதிரி மடித்து வைத்திருப்பாள்.

போன மாதம் போனபோது, "இதை இன்னும் எதுக்குக்கா வெச்சிருக்க, குடு, நான் போட்டுக் கிழிக்கிறேன்" என்று கையில் எடுத்தேன்.

"வைடா அத. நீ ஏரோப்ளேன் ஏறும்போது தர்றேன்" என்றாள்.

எனக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது.