வரைபடத்தில் இல்லாத நாற்காலி

இருபத்தாறு வருஷமாக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்த சர்வேயர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தன் வீட்டையே அளப்பது என்று தீர்மானித்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறோம் என்று பாவம், அவருக்கு அப்போது தெரியாது.

எல்லாம் தரைவிரிப்பால் வந்தது. அறைக்கு அறை புது விரிப்பு போடவேண்டும் என்று மனைவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை, பயம்தான் இருந்தது. ஹாலில் ஜன்னலோரம் அவருடைய சாய்வு நாற்காலி கிடந்தது. ஒரு கை ஆடும். துணி கிழிந்த இடத்தைத் துண்டு போட்டு மறைத்திருப்பார். உட்கார்ந்தால் கிரீச்சென்று கத்தும். ஆனாலும் அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத இடம் அது ஒன்றுதான். பன்னிரண்டு வருஷமாக அதைத் துரத்தப் பார்க்கிற மனைவி, விரிப்பைச் சாக்கு வைத்துச் சீட்டுக் கிழித்துவிட்டால்? அதனால் முந்திக்கொண்டார்.

"இதோ பாரு, கார்ப்பெட் விஷயத்துல நான் வெச்சதுதான் சட்டம். எந்த ரூமுக்கு எது, என்ன அளவு, எல்லாம் நான்தான் முடிவு பண்ணுவேன்."

"சரிங்க."

சர்வேயருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே வார்த்தையில் அவள் சம்மதித்தது இதுதான் முதல் தடவை. புத்தியுள்ளவன் அங்கேயே உஷாராகியிருப்பான். நம் ஆள் மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு," என்றாள். "படம் வரைஞ்சு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. அப்புறம் நானும் மாத்தக் கூடாது, நீங்களும் மாத்தக் கூடாது."

"சர்வேயர் போட்ட படத்தை எவன் மாத்த முடியும்?"

வேலை ஆரம்பமாயிற்று. அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மடியில் படம் வரைய, அவள் மறு முனையோடு மூலைக்கு மூலை ஓடினாள்.

"சமையலறைக்கு எந்த மாதிரிங்க?"

"மெல்லிசா, துவைக்கிற மாதிரி. அங்க போய் புசுபுசுன்னு போட்டா, சிந்துற எண்ணெயெல்லாம் அதுதான் குடிக்கும்."

"படுக்கையறைக்கு?"

"அங்கதான் புசுபுசு. கட்டில்ல இருந்து இறங்கினா கால் நேரா அது மேல படணும்."

"சாப்பாட்டு மேஜைக்கு அடியில?"

"நாற்காலியைப் பின்னால இழுத்தாலும் கால் விரிப்புலயே நிக்கணும். ரெண்டு கால் உள்ள, ரெண்டு கால் வெளியன்னா ஆடும்."

"அப்போ எந்த நாற்காலியா இருந்தாலும் நாலு காலும் உள்ள, இல்லாட்டி நாலும் வெளிய?"

"கரெக்ட்! எழுதிக்கோ. இன்னொண்ணும் எழுது. ஹாலுக்குப் பெரிய விரிப்பு, சுவரோரம் மட்டும் ஒரு அடி விட்டு. படத்துல இருக்கிறதுதான் ஹால்ல இருக்கணும். இல்லாதது எது நின்னாலும் அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு. இப்படி எத்தனை கொட்டகையைப் பிரிச்சிருக்கேன் தெரியுமா?"

"அப்படியே எழுதிட்டேங்க. கையெழுத்து?"

நுணலும் தன் வாயால் கெடும். சர்வேயர் கெட்டது போதாதென்று தேதியும் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வாரம் விரிப்புகள் வந்தன. எல்லா அறையிலும் அச்சில் வார்த்தது போலப் பொருந்தின. எதிர்வீட்டு டீச்சரைக் கூட்டிவந்து மனைவி பெருமையோடு காட்டினாள். சர்வேயர் மீசையைத் தடவிக்கொண்டார். கடைசியாக ஹால் விரிப்பைப் பிரித்தார்கள். அது உருண்டு உருண்டு போய் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியின் முன்னங்கால்களை முட்டி நின்றது. தூக்கி வைத்தால் முன்னங்கால் இரண்டும் மேலே, பின்னங்கால் இரண்டும் கீழே.

"விரிப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளிட்டா..."

"சோபா கால் வெளிய வந்துடும். உங்க சட்டம்."

"அப்போ நாற்காலிக்கு எங்க இடம்?"

"படத்துல எங்க போட்டிருக்கீங்களோ அங்கதான்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். சோபா இருந்தது. டீப்பாய் இருந்தது. பூந்தொட்டிகூட இருந்தது. நாற்காலி இல்லை! எந்த சர்வேயர்தான் தான் நிற்கிற இடத்தைப் படத்தில் போடுவான்? வீட்டையே அளந்தவர், உட்கார்ந்திருந்ததை மறந்துபோனார்.

"ஆக்கிரமிப்புன்னு எழுதியிருக்கு," என்று டீச்சர் வாய்விட்டுப் படித்தாள். "கையெழுத்து உங்களுதுதானே சார்?"

சர்வேயர் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வாசல் வராந்தாவுக்கு நடந்தார்.

அங்கே செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் குட்டி விரிப்பு ஒன்று தயாராகக் கிடந்தது. நாற்காலியை வைத்தார். நாலு காலும் உள்ளே. பழக்கதோஷம், டேப்பை எடுத்து அளந்தார். நாலு பக்கமும் சரியாக நாலு விரல் மிச்சம். அவரே அளந்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

"ஏய்! இது என் படத்துலயே இல்லையே! இதுக்கு யாரு அளவு எடுத்தது?"

"நான்தாங்க. போன மாசமே எடுத்துட்டேன்."

"எப்படி? நான்தான் அதை விட்டு எழுந்திருக்கிறதே இல்லையே!"

"குறட்டை விட்டுட்டு இருந்தீங்க. டேப்போட ஒரு முனையை உங்க கையிலதான் குடுத்திருந்தேன். நல்லா கெட்டியா பிடிச்சுக்கிட்டீங்க."