முப்பத்து மூன்றாவது அழைப்பு

"போச்சு! இருபத்தஞ்சு!" என்று கமிட்டி சார் பேனாவை மேசைமேல் எறிந்தார்.

மேசையிலிருந்த சிவப்புப் பெட்டி விடாமல் அலறிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் வீட்டு எண் மின்னியது: நான்கு.

"யாரு, தையல்காரரா?" என்றார் பக்கத்து மேசை வரிப் பிரிவுக்காரர், தலை நிமிராமல்.

"வேற யாரு? போன வாரம் ஊசியில நூல் கோக்கணும்னு கூப்பிட்டாரு. இன்னிக்கு என்ன வரம் கேக்கப் போறாரோ!"

"போகாம விட்டுடுங்களேன்."

"நெஜமாவே விழுந்து கிடந்தா?"

"அப்ப போங்க."

"போய்ப் பாத்தா கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பாரே!"

"அப்ப போகாதீங்க. எனக்கு வேலை இருக்கு சார்."

நகராட்சியில் இருபது வருடமாக எந்தக் குழு அமைத்தாலும் கமிட்டி சார்தான் செயலாளர். தெருவிளக்குக் குழு, சாலைக் குழிகள் குழு, குழுக்கள் அதிகமாகிவிட்டதை ஆராய ஒரு குழு, எல்லாவற்றுக்கும். சொந்தப் பெயரை ஊர் மறந்து வெகு நாளாயிற்று. இப்போது முதியோர் பாதுகாப்புக் குழு. வார்டில் தனியாக வாழும் பத்து முதியவர்களின் கழுத்தில் ஆளுக்கொரு பொத்தான். அமுக்கினால் இந்தப் பெட்டி அலறும். பொறுப்பாளர் நேரில் போய் ஆளைப் பார்த்து, காரணம் எழுதி, கையெழுத்து வாங்கி, அப்படியே சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸிடம் முத்திரையும் வாங்க வேண்டும்.

எல்லாம் ஒரு மாதச் சோதனைதான். அதற்குள் வேண்டாத அழைப்புகள் முப்பதைத் தாண்டினால் திட்டம் ரத்து. அதோடு வார்டின் இரண்டு அறைச் சுகாதார நிலையத்தையும் இழுத்து மூடி, நகரத்தின் மறுகோடியிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடலாம் என்று குழுவில் பாதிப் பேர் காத்திருந்தார்கள். அந்த நிலையம் வருவதற்காக மூன்று வருடம் படியேறி இறங்கியவர் கமிட்டி சார். வெள்ளிக்கிழமையோடு மாதம் முடிகிறது; அன்று மூன்று மணிக்குக் கூட்டம். இன்று திங்கள்.

அவர் எழுந்த வேகத்தில் மேசை ஆடியது. குனிந்து, அதன் காலடியில் சொருகியிருந்த சீட்டை இன்னொரு மடிப்பு மடித்து உள்ளே தள்ளினார்.

"அது டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு இல்ல?" என்றார் வரிப் பிரிவுக்காரர்.

"ஆமா. தினமும் மூணு கிலோமீட்டர் நடக்கணுமாம். எனக்கு எங்க சார் நேரம்? மேசை ஆடாம இருக்கே, அந்த மட்டும் டாக்டருக்குப் புண்ணியம்."

நாலாம் எண் வீட்டில் தையல்காரர் கால் மேல் கால் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. இந்தக் கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன், தேடிக் குடுங்க."

"உங்க மூக்கு மேல இருக்கு."

"அட!" என்று தடவிப் பார்த்துக்கொண்டார். "பாத்தீங்களா, ஒரு ஆள் வந்து சொன்னாத்தான் தெரியுது. கையெழுத்து எங்க போடணும்?"

சுகாதார நிலையத்தில் நர்ஸ் முத்திரையை உடனே எடுக்கவில்லை.

"சார், இந்த பி.பி. கருவி சரியா வேலை செய்யுதான்னு தினமும் யார் கையிலயாவது போட்டுப் பாக்கணும். கொஞ்சம் நீட்டுங்க."

"தினமும் என் கைதான் கிடைச்சுதா சிஸ்டர்?"

"நீங்கதானே தினமும் வர்றீங்க."

பட்டை புஸ்ஸென்று இறுகித் தளர்ந்தது. நர்ஸ் ஏதோ குறித்துக்கொண்டு முத்திரை குத்தினாள்.

அன்று மாலை, மகள் வீட்டுக்குப் போயிருந்த மனைவி வழக்கம்போல் போனில் கேட்டாள்: "நடந்தீங்களா?"

"ஓ, நடந்தேனே" என்று வழக்கம்போல் பொய் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வரிப் பிரிவுக்காரரின் ஸ்கூட்டரை இரவல் வாங்கினார். சட்டென்று போய்ச் சட்டென்று திரும்பினால் அறிக்கை எழுத நேரம் மிஞ்சும் என்பது திட்டம்.

முதல் அழைப்பு கண்டக்டரிடமிருந்து. முப்பது வருடம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்ந்தவர். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சுண்ணே?"

"வண்டியிலயா வந்தீங்க?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றார் கண்டக்டர். முகம் தொங்கிப்போய்விட்டது. "ஊறுகாய் ஜாடி மூடி திறக்க வரலை. இருக்கட்டும், போங்க. ரைட்!"

அலுவலகத்துக்குத் திரும்பி ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் பெட்டி அலறியது. கணக்கு டீச்சர், மூன்றாம் மாடி. வண்டியை அப்படியே திருப்பினார். டீச்சர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "வண்டியிலயா?" என்றாள். பிறகு பூனை மாதிரி ஒரு சத்தம் கேட்டதாகவும், இப்போது கேட்கவில்லை என்றும் சொன்னாள். அவள் சுவர் நாள்காட்டியில் ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. இரண்டரை. மூன்று. மூன்றேகால்.

"இது என்ன டீச்சர்?"

"கணக்கு டீச்சர் சுவத்துல கணக்கு இல்லாம கவிதையா இருக்கும்? கையெழுத்துப் போட்டாச்சு, கிளம்புங்க."

மூன்றாவது அழைப்பு மறுபடி தையல்காரர். ஒரே நாளில் மூன்று. இருபத்தெட்டு!

"வேகமாப் போகப் போக அதிகமாக் கூப்பிடறாங்க சார்!" என்று கமிட்டி சார் புலம்பினார்.

"அப்ப நீங்க போகாதீங்க, நான் போய்ப் பாக்கறேன்" என்றார் வரிப் பிரிவுக்காரர். அவருக்கு ஸ்கூட்டர் திரும்பக் கிடைத்தால் போதும்.

புதன்கிழமை அப்படியே செய்தார்கள். கண்டக்டர் வீட்டிலிருந்து அழைப்பு வந்ததும் வரிப் பிரிவுக்காரர் கிளம்பினார். கமிட்டி சார் நாற்காலியில் சாய்ந்து, ஒரு மாதத்தில் முதல் முறையாகச் சூடான டீயை வாயருகே கொண்டுபோனார். பெட்டி மறுபடி அலறியது. அதே வீடு.

போனில் வரிப் பிரிவுக்காரரின் குரல் கேட்டது. "சார், இந்த மனுஷன் என்னைப் பாத்ததும் 'நீ எதுக்கு வந்தே, இறங்கு'ங்கறார். நான் வாசல்ல நிக்கும்போதே திரும்பவும் அமுக்கறார்! நீங்களே வந்தாத்தான் ஆச்சாம். வரியைக் கேக்கப் போனாக்கூட என்னை இப்படி யாரும் விரட்டினதில்ல சார்."

முப்பது.

வியாழக்கிழமை கமிட்டி சார் பத்துப் பேரையும் சுகாதார நிலையத்துக்கு வரவழைத்தார்.

"இன்னும் ஒரே ஒரு அழைப்பு, எல்லாம் முடிஞ்சது! மணியும் போகும், இந்த நிலையமும் போகும். அப்புறம் ஒரு ஊசி போடணும்னா ரெண்டு பஸ் மாறிப் போகணும். புரியுதா? உங்க பின்னாலயே அலைஞ்சு துரும்பா இளைச்சுட்டேன். பாருங்க, பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன்!"

பத்துப் பேரும் பெல்ட்டைப் பார்த்தார்கள். அவர் எதிர்பார்த்த வருத்தம் ஒரு முகத்திலும் இல்லை. தையல்காரர் கண்ணாலேயே இடுப்பை அளந்துவிட்டு, "மூணு இஞ்ச் இருக்கும்" என்றார் திருப்தியாக.

"இனிமே தரையில விழுந்தா மட்டும்தான் அமுக்கணும். தெரிஞ்சுதா?"

கண்டக்டர் கையைத் தூக்கினார். "நாளைக்கு மூணு மணி வரைக்கும் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நாற்காலியை விட்டு அசைய மாட்டேன். மதியம் சாப்பாடுகூட மேசைக்கே வருது. கூட்டம் முடிஞ்சா வீட்டுக்கு ஆட்டோ."

பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முப்பதைத் தாண்டினா என்ன ஆகும்னு சொன்னீங்க" என்றாள் டீச்சர். "தாண்டலேன்னா என்ன ஆகும்னு போட்டுப் பாத்தீங்களா?"

பாவம், வயசாயிற்று, தலைகீழாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை. அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கால் தன்பாட்டில் ஆடியது. பத்து மணி. பதினொன்று. பேனாவைத் திறந்தார், மூடினார். பன்னிரண்டு. "பரவாயில்ல சார், புரிஞ்சுக்கிட்டாங்க" என்று அவர் வாய் திறந்தபோது பெட்டியும் வாய் திறந்து அலறியது.

நான்கு!

கூட்டத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது. இந்த முறை நிஜமாக இருந்தால்? வரிப் பிரிவுக்காரர் ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். கமிட்டி சார் நடையும் ஓட்டமுமாகப் போனார்.

தையல்காரர் தரையில்தான் கிடந்தார். பாய் விரித்து, தலையணை வைத்து.

"விழுந்தாத்தான் அமுக்கணும்னு சொன்னீங்க. அதான் மெதுவா விழுந்துட்டேன் தம்பி."

"ஐயோ பெரியவரே! எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே!"

"கோபப்படாதீங்க, உடம்புக்கு ஆகாது. இப்ப ஒரு கை குடுங்க, எந்திரிக்க முடியலை."

அவரைத் தூக்கி நிறுத்தும்போதே வரிப் பிரிவுக்காரர் போனில் கத்தினார்: "சார், டீச்சர்!" மூன்று மாடி ஏறினார். டீச்சர் தரையில் அமர்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கண்டக்டர். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "லேட்டு" என்றார்.

முப்பத்து மூன்று.

மூன்று மணிக்குக் குழுத் தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அறிக்கையைப் படித்தாள். கமிட்டி சார் எதிரே நின்றார். வியர்வை சட்டையை நனைத்திருந்தது. வாசலோரம் நர்ஸ். அவளுக்குப் பக்கத்தில், யாரும் கூப்பிடாமலே படியேறி வந்துவிட்ட தையல்காரரும் டீச்சரும் கண்டக்டரும்.

"கண்ணாடி தேட. ஜாடி மூடி. பூனைச் சத்தம். 'மெதுவாக விழுந்தார்.' இது என்ன, மெதுவாக விழுந்தார்?"

"அவர் சொன்னதை அப்படியே எழுதினேன் மேடம்."

"முப்பத்து மூணு அழைப்பு. ஒண்ணுகூட நெஜமில்ல. விதியை நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா மேடம்" என்றார். "தப்பு என்னோடது. எனக்கு அவங்களைச் சமாளிக்கத் தெரியலை. நிலையத்தை மட்டும் மூடிடாதீங்க."

"விதின்னா விதிதான்" என்று தலைவி நர்ஸின் பதிவேட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள். "சிஸ்டர், பத்துப் பேருக்குப் பத்துப் பக்கம். இது பதினோராவது பக்கம், பேரே இல்ல. மொத நாள் பி.பி. நூத்து எழுபத்தெட்டு. இன்னிக்கு நூத்து முப்பத்து நாலு. அப்படி என்ன மருந்து குடுத்தீங்க?"

"மருந்து எதுவும் மாத்தலை மேடம்" என்று நர்ஸ் தரையைப் பார்த்தாள். "நடைதான். டாக்டர் எவ்வளவோ சொல்லியும் கேக்காத ஆளு. தினமும் மூணு கிலோமீட்டர் நடக்க வெச்சோம். டீச்சர்தான் வழி அளந்து, யார் எப்ப அமுக்கறதுன்னு முறை போட்டாங்க. வண்டியில வந்த நாள் மட்டும் கணக்குல சேரலை."

கமிட்டி சாரின் கை தானாகப் பெல்ட்டுக்குப் போனது.

"அது சரி" என்றாள் தலைவி. "ஆனா நான் கேக்கறது வேற. இந்த முப்பத்து மூணுல ஒண்ணாவது நெஜமான ஆபத்து உண்டா, இல்லையா?"

தையல்காரர் கழுத்திலிருந்த பொத்தானைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"முப்பத்து மூணுமே நெஜம்தாம்மா. என்ன, மணி எங்க கழுத்துல தொங்குச்சு. ஆபத்து அவர் கழுத்துல தொங்குச்சு."