விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடலாம்

மாமனார் வீட்டில் நல்ல பெயர் வாங்க ஆசைப்படும் மாப்பிள்ளை செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவதுதான். தூங்குகிற மாப்பிள்ளையால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. நான்தான் தூங்காமல் போனேன். தூங்காததோடு நில்லாமல் மாமனாரையும் மாமியாரையும் படகில் ஏற்றித் தீவுக்குக் கூட்டிப் போனேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் சகலை. என் மனைவி செல்வியின் தங்கையைக் கட்டியவர். கோலியனூரில் விவசாயம். சொந்தமாக ஒரு குட்டியானை வைத்திருக்கிறார் (யானை இல்லை, சின்ன லாரி, எங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் பெயர்). அதிகம் பேசமாட்டார். பேசாமல் இருந்துகொண்டே அதற்கு முந்தின கோடையில் மாமனாரையும் மாமியாரையும் வேன் வைத்துக் கொடைக்கானல் கூட்டிப் போய் வந்துவிட்டார். அன்றிலிருந்து மாமியார் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது கொடைக்கானலில் போய்த்தான் முடியும். காபி ஆறிப்போனால்கூட, "கொடைக்கானல்ல கையில வாங்கறதுக்குள்ள ஆறிடும்" என்பார். மூத்த மாப்பிள்ளையும், திண்டிவனத்தில் மேல்நிலைப் பள்ளிப் புவியியல் ஆசிரியருமான நான், அந்த ஆறிய காபியை எத்தனை நாள்தான் குடிப்பேன்?

அப்போதுதான் கைபேசியில் அந்த விளம்பரம் வந்தது. 'எட்டே பேர். கட்டமரான் பாய்மரப் படகு. யாரும் அறியாத வெப்பமண்டலத் தீவில் ஒரு நாள்.' கூடவே நீலத் தண்ணீர், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை மரம் (அந்தப் படத்தை எந்தக் கடலில் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை). நான்கு பேருக்குப் பணம் கட்டினேன். கட்டிய பிறகுதான் தேதியைப் பார்த்தேன். மாமனார் ஊரில் திரௌபதை அம்மன் திருவிழா நடக்கிற வாரம். தேதியை மாற்றவும் முடியாது, பணமும் திரும்ப வராது என்று விளம்பரத்தின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மாமனார் வருஷா வருஷம் தீ மிதிக்கிறவர். மிதிக்கிறவர்களுக்குக் கையில் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் தீமிதி முடிகிற வரைக்கும் வெளியூரில் ராத்திரி தங்கக்கூடாது. பொழுது சாய்ந்து கோயிலில் விளக்கு வைக்கும்போது ஊர் எல்லைக்கு வெளியே இருந்தால், அந்த வருஷம் காப்பை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களோடு நிற்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் போய்க் கூப்பிட்டேன். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாய் வராது. மருமகன் எந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் சொன்னாலும் "ஆவட்டும்" என்பதுதான் அவர்கள் மரியாதை.

"கையில காப்பு கீது மாப்ள" என்றார் மாமனார் தயங்கித் தயங்கி. "விளக்கு வைக்கறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துடணும்."

"விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடலாம் மாமா. நாலு மணிக்கெல்லாம் வீட்ல இருப்போம்."

"நீங்க சொன்னா சரிதான்."

புதன்கிழமை காலையில், கோட்டக்குப்பம் தாண்டிக் கடலோரமாக ஒரு படகுத் துறையில் போய் நின்றோம். எங்களோடு பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடி. மற்ற இரண்டு பேர் வரவில்லை, புத்திசாலிகள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன், தன்னைக் கேப்டன் என்று கூப்பிடச் சொன்னான். மாமியார் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு போட்டை ஒண்ணா சேத்துக் கட்டிக்கீறாங்க. ஒண்ணு ஓட்டையா போனா இன்னொண்ணு இருக்கும்போல" என்றார். எனக்கும் அதற்குமேல் விவரம் தெரியாது.

ஏறும்போதே செருப்பை வாங்கி வைத்துவிட்டான் கேப்டன். தளம் முழுக்க வெள்ளை ஃபைபர். சித்திரை மாத வெயில். கொஞ்ச நேரத்தில் அது தோசைக்கல்லாகிவிட்டது. நான் ஒரு காலை மாற்றி ஒரு காலாகக் குதித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் வேட்டியில் மாமனார் வெறுங்காலோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சாவகாசமாக நடந்து கடலைப் பார்த்தார். என் கூத்தைக் காணச் சகிக்காமல் பக்கத்தில் வந்து, "வேகமா நடங்க மாப்ள. நின்னாத்தான் சுடும்" என்றார்.

கடலில் கொஞ்ச தூரம் போய், ஒரு முகத்துவாரத்துக்குள் நுழைந்து, மணல் திட்டு ஒன்றில் படகை ஒதுக்கினான் கேப்டன். "வெல்கம் டு தி ஐலண்ட்." தென்னை மரம் ஒன்றுகூட இல்லை. தூரத்தில் சவுக்குத் தோப்பு மட்டும் தெரிந்தது. இருந்தாலும் தீவு தீவுதானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கி, மாமனாருக்கு வெப்பமண்டலத் தீவுகளின் இயல்புகளை விளக்கத் தொடங்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே குனிந்து எதையோ பார்த்தார்.

"மாப்ள, ஆட்டுப் புழுக்கை."

"தீவுகள்ல காட்டு ஆடு இருக்கும் மாமா."

"ஓகோ." இன்னும் நாலடி போய், "இது வண்டித் தடம் மாதிரி கீது" என்றார்.

"அலை அடிச்சு அப்படி ஆகும் மாமா."

"படிச்சவங்க நீங்க சொன்னா சரிதான்" என்று விட்டுவிட்டார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

மத்தியானம் சுட்ட மீன் விருந்து என்று சொல்லித்தான் பணம் வாங்கியிருந்தார்கள். காப்புக் கட்டியவர் மீன் வாசனைகூடப் படக்கூடாது என்று காற்று அடிக்கிற பக்கமாகத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். மாமியார் தூக்குச்சட்டியைத் திறந்து எலுமிச்சைச் சாதம் போட்டார். பெங்களூர்க்காரர்களும் மீனை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்தார்கள். கேப்டனும் போனான். கடைசியில், காசு கொடுத்தாயிற்றே என்று முள்ளோடு போராடியவன் நான் ஒருவன்தான்.

கை கழுவலாம் என்று போனபோதுதான் தண்ணீரைக் காணோம். காலையில் மிதந்து வந்த படகு, இரண்டு அடிப்பாகமும் சேற்றில் பதிய உட்கார்ந்திருந்தது.

"தண்ணி எறங்கிடுச்சு சார்" என்றான் கேப்டன். "கொஞ்சம் லேட்டா வந்தோம்ல, அதான். ஏறினதும் கெளம்பிடலாம்."

"எப்ப ஏறும்?"

"நைட்டு எட்டு, ஒம்போது ஆவும். ரிலாக்ஸ் சார்."

சூரியனும் சந்திரனும் இழுப்பதால் கடல் நீர் உயர்ந்து தாழ்வதற்கு ஓதம் என்று பெயர். அதைக் கரும்பலகையில் படம் போட்டு வருஷா வருஷம் நடத்துகிறவன் நான். உயர் ஓதம் எப்போது, தாழ் ஓதம் எப்போது என்று ஐந்து மதிப்பெண் கேள்வியும் கேட்பேன். என் மாணவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சேற்றில் தலையை விட்டிருப்பேன்.

வேறு படகு அனுப்பச் சொல்லிக் கேப்டன் போன் போட்டான். இருக்கிற இன்னொரு படகும் சவாரிக்குப் போயிருந்தது. அப்புறம் என் தலைமையில் படகைத் தள்ளினோம். படகு அசையவில்லை, நான்தான் முழங்கால் வரை உள்ளே போனேன். பெங்களூர்ப் பையன் என்னைப் பிடுங்கி எடுத்தான். "ரிலாக்ஸ் சார்" என்றான் கேப்டன் மறுபடியும். அந்த வார்த்தையை இப்போது யார் சொன்னாலும் எனக்கு ரத்தக் கொதிப்பு வருகிறது.

சேற்றைத் துடைத்துக்கொண்டு வந்தவனைச் செல்வி தனியாகக் கூப்பிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்பா இந்த வருஷம் யாருக்காகத் தீயில எறங்கறாரு தெரியுமா உங்களுக்கு?"

"வருஷா வருஷம் எறங்கறதுதானே."

"போன ஐப்பசியில டெங்கு வந்து ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருந்தீங்களே. ரத்தத்துல அணு கொறஞ்சிக்கினே போவுதுன்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்கி வேண்டிக்கினாரு. உங்ககிட்ட சொன்னா சங்கடப்படுவீங்கன்னு யாரையும் சொல்ல விடல."

மாமனார் தோப்பு ஓரமாகச் சவுக்கு நிழலில் உட்கார்ந்து, காப்புக் கட்டிய மணிக்கட்டை மறு கையால் பொத்திக்கொண்டு, மேற்கே இறங்குகிற சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவரை நானே கூட்டி வந்து இங்கே உட்கார வைத்திருக்கிறேன். பக்கத்தில் போய் நின்றேன்.

"திரௌபதை அம்மா பாத்துக்குவா மாப்ள" என்றார். "நீங்க இன்னா பண்ணுவீங்க, தண்ணி எறங்கினா?"

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அவர். நான் திரும்பி வந்து செல்வியிடம், "யாருக்கு வேணும்னாலும் போன் பண்ணு. உன் தங்கச்சிக்கு மட்டும் பண்ணாதே" என்றேன். அந்த நிலைமையிலும் என் கவலை அதுதான். அவள் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. சகலை.

"சகலை, தீவுலயா கீறீங்க?"

செல்வியைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள். நாங்கள் இருக்கிற இடத்தை முன்னாடியே தங்கைக்கு அனுப்பிவிட்டிருந்தாள்.

"ஆமா சகலை."

"திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை ஏத்திக்கினு வந்தேன். எறக்கியாச்சு. மேப்புல பாத்தா நீங்க கீற எடத்துக்குப் பக்கத்துல ரோடு காட்டுதே." (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.)

"அது தப்பா காட்டும் சகலை. இது தீவு."

"சவுக்குத் தோப்பு வரைக்கும் ரோடு இருக்குது."

"நாலு பக்கமும் தண்ணி சகலை. வண்டி வராது." (மூன்று பக்கம்தான் எனக்குத் தெரிந்திருந்தது. நான்காவது பக்கத்தை நான் போய்ப் பார்க்கவே இல்லை.)

"இருங்க, வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

வராத வண்டியை நினைத்து நான் அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. யாரும் அறியாத வெப்பமண்டலத் தீவில், மரங்களுக்கு நடுவே, குட்டியானையின் முகம் தெரிந்தது. மழைக்காலத்தில் மட்டும்தான் அந்தப் பக்கம் தண்ணீர் வருமாம். மற்ற நாளில் ஆடு மேய்க்கிறவர்கள் மொபெட்டிலேயே வந்து போவார்களாம். சகலை கதவைத் திறந்து இறங்கி, மணலில் நடந்து வந்து, சேற்றில் உட்கார்ந்திருந்த படகையும் என் முழங்காலையும் பார்த்தார்.

"ரோடு இருக்குது சகலை" என்றார்.

முன்னால் மாமனாரும் மாமியாரும். பின்னால் காலிச் சாக்குகளின் மேல் நான், செல்வி, பெங்களூர் ஜோடி. கேப்டன் படகுக்குக் காவலாக நின்று கையாட்டினான். வழியெல்லாம் மல்லாட்டைத் தூசி கண்ணில் விழுந்தது. முன்னால் போன கரும்பு டிராக்டர் ஒன்று வழி விடவே இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாகச் சூரியனை நேருக்கு நேர் பார்த்து, கொஞ்சம் பொறு என்று கெஞ்சினேன். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்றைக்குக் கும்பிட்டேன்.

ஊர் எல்லைக்கு வரும்போது கோயில் பக்கம் பம்பை மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. வண்டி முழுசாக நிற்பதற்குள் மாமனார் குதித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. திரும்பி நின்று மூச்சு வாங்கச் சிரித்தார். பூசாரி அப்போதுதான் திரியைத் திரித்துக்கொண்டிருந்தாராம். மாமனாருக்குப் பின்னால் நான் கோயிலில் போய் நின்றதும், பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னா மாப்ள, நாத்து நட்டுட்டு வர்றீங்களா?" என்றார்.

வெள்ளிக்கிழமை மாமனார் எனக்காகத் தீ மிதித்தார். பெங்களூர் ஜோடி அதுவரை எங்களோடு மாமனார் வீட்டிலேயே தங்கி, எல்லாவற்றையும் படம் எடுத்து, படகுக்காரனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டது. கிராமத் திருவிழாவும் லாரிப் பயணமும் சேர்ந்த அருமையான ஏற்பாடு என்று எழுதியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் பைக் சாவியை எடுத்தாலே போதும், "விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடுவீங்களா?" என்று வீட்டில் யாராவது கேட்டுவிடுகிறார்கள். பால் வாங்கப் போனாலும் கேட்கிறார்கள்.

இந்த வருஷம் காப்புக் கட்டுகிற அன்று, வேடிக்கை பார்க்கப் போன என்னை வரிசையில் முன்னால் இழுத்து நிறுத்தினார்கள். "மூத்த மாப்பிள்ளைக்கு மொதல்ல கட்டு" என்றார் மாமியார். "இவரைக் கட்டிப் போட்டாத்தான் மத்தவங்க ஊர்ல இருப்பாங்க." மாமனார் மட்டும் என் முகத்தைப் பார்த்து, "வேணாம்னா வுட்டுடலாம் மாப்ள" என்றார். எனக்காக இறங்கினவர் அப்படிச் சொல்லும்போது எப்படி வேண்டாம் என்பது? கையை நீட்டினேன்.

காப்புக் கட்டினால் இறங்கியாக வேண்டும். ஃபைபர் தளத்தில் குதித்த அதே கால்களோடு நெருப்புக் குழி ஓரம் நின்றேன். முன்னால் நின்ற மாமனார் திரும்பாமலேயே, "வேகமா நடங்க மாப்ள. நின்னாத்தான் சுடும்" என்றார். அவர் இறங்கினார். எனக்குக் கால் எழவில்லை.

எதிர்க் கரையில் கூட்டத்துக்கு நடுவே சகலை கை இரண்டையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்க சகலை" என்றார். "ரோடு இருக்குது."

ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நான் இறங்கி நடந்தேன்.