மாமியின் விரதமும் எனது பழ மஃபினும்

மாமியாரின் விரதத்தை முறித்த மருமகன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் கப்பல் வாழைப்பழத்தைக் கொண்டு முறித்தவன் அநேகமாக நானாகத்தான் இருக்கும்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து, எங்கள் ஊர் வழக்கப்படி, மனைவி வதனியின் மானிப்பாய் வீட்டில்தான் இருக்கிறேன். அப்போது நான்கு வருடமாகியும் பிள்ளை இல்லை. நானும் வதனியும் அதைப்பற்றிக் கதைப்பதையே விட்டிருந்தோம். மாமி விடவில்லை. நேரே முருகனிடம் கதைக்கப் போய்விட்டார். நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறிய நாள் தொடங்கித் தீர்த்தம் வரைக்கும் மத்தியானம் ஒருநேரச் சோறு, இரவில் பாலும் பழமும், மிஞ்சிப்போனால் ஒரு பலகாரம். பேரப்பிள்ளைக்கான நேர்த்தி அது.

இருபதாம் நாள் மாலை மாமி கோயிலிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து, வாசற்படியில் கையூன்றி ஏறுவதைக் கண்டேன். மனம் கேட்கவில்லை. இரவில் பழம் ஆகுமென்றால் பழம் போட்டுச் சுட்டதும் ஆகும்தானே என்று கணக்குப் போட்டேன். (நான் கணக்குப் போட்ட இடமெல்லாம் இப்படித்தான் விளங்கியிருக்கிறது.)

அடுத்த நாள் எனக்கு லீவு. வதனி பாடசாலைக்கு, மாமி கோயிலுக்கு. கேக் சுடவென்று மைத்துனர் கொழும்பிலிருந்து அனுப்பிய மின்சாரப் போறணை பெட்டிகூடப் பிரிக்காமல் இருந்தது. கைபேசியில் ஒரு பெண்மணி சிரித்துச் சிரித்து மஃபின் செய்து காட்டினார். அவர் சொன்ன எதையும் நான் தவறவிடவில்லை. கனிந்த கப்பல் பழத்தை முள்ளுக்கரண்டியால் மசித்தேன், சீனியையும் பட்டரையும் அடித்தேன், மாவை அரித்தேன், முந்திரிகை வத்தலைக் கழுவித் துடைத்தேன். இரண்டு முட்டை என்றார். வீட்டில் இல்லை. வேலியடியில் நின்று, கோழி வளர்க்கும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வீட்டில் அந்தத் திருவிழா நாட்களில் முட்டை தேடுவாரில்லாமல் குவிந்து கிடந்தது. ஏனென்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

“ஆருக்குத் தம்பி?”

“மாமிக்குத்தான் அக்கா.”

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டை எடுத்துத் தந்தார்.

(கேக்கில் முட்டை உண்டென்பது எனக்குத் தெரியும். ஆனால் முட்டை முட்டையாய்க் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது மச்சம், விரதத்துக்கு ஆகாதது என்று என் மூளை தானாகவே தீர்மானித்து வைத்திருந்தது. விரத நாளிலும் பேக்கரிக் கேக்கை விசாரிக்காமல் தின்று வளர்ந்த மூளை.)

மஃபின்கள் அழகாகப் பொங்கி வந்தன. வீடு முழுக்க வாசம். மாமி வந்து, கால் கழுவி, விளக்கேற்றி, ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இரண்டாவதையும் எடுத்தார். நான் வானத்தில் பறந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வதனி வந்து சேர்ந்தாள்.

“நல்ல மெதுவாயிருக்குப் பிள்ளை,” என்றார் மாமி அவளிடம். “தம்பி, எப்பிடி உப்பிடிப் பொங்கப் பண்ணினனீங்கள்?”

“அது ரெண்டு முட்டையையும் நல்லா நுரைக்க அடிக்கவேணும் மாமி,” என்றேன், பெருமையோடு.

மாமியின் வாய் அசைவது நின்றது. கையிலிருந்த பாதியை மெல்லத் தட்டில் வைத்தார். எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது, பிறகு வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

“உங்களுக்கென்ன விசரே?” என்றாள் வதனி. கண் நிறைந்துவிட்டது. நான்கு வருடமாக நாங்கள் கதைக்காததெல்லாம் அந்தக் கண்ணில் இருந்தது. எனக்குச் செத்துவிடலாம்போல இருந்தது. அந்த விரதத்தை அவளும் இவ்வளவு நம்பியிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாமி ஈரத்தலையோடு வந்தார். “மாமி, அறியாமல் செய்துபோட்டன்,” என்றேன்.

“அறிஞ்சு செய்வியளே தம்பி? நான் பசியோடை வாறதை இந்த வீட்டிலை நீங்கள் ஒராள்தான் கண்டனீங்கள்.” தலையைத் துவட்டிக்கொண்டே, “முருகனிட்டை நான் சொல்லுறன். நீங்கள் ஒண்டும் சொல்லப் போகாதேங்கோ, இன்னும் பழுதாக்கிப் போடுவியள்,” என்றார்.

மிச்ச நாட்களையும் அவர் விடாமல் பிடித்தார். முறிந்த விரதத்தை என்னத்துக்குப் பிடிக்கிறீர்கள் என்று கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த வருடம் கொடியேறுவதற்கு முந்தின மாதம் எங்கள் மகள் பிறந்தாள். இப்போது ஐந்து வயது. செருப்பு வேண்டாமென்றால் வேண்டாம்தான், குளிக்கமாட்டேன் என்றால் ஊரே திரண்டாலும் நடக்காது. நானும் வதனியும் தொண்டை கிழியக் கத்துவோம். மாமி மட்டும் அசையமாட்டார். வந்திருக்கும் சொந்தக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுவார்:

“விடுங்கோ பிள்ளையள். தேப்பன் மறிச்சும் நிக்காமல் வந்தவள். இனி ஆர் சொல்லைக் கேக்கப் போறாள்?”