நீலவால்காரி ஏன் ஒளிந்தாள்?

"வெளிய வந்தாளா?"

போனை எடுத்ததும் மனைவி கேட்டது இதைத்தான். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

"இல்ல. பம்புக்குப் பின்னாடியே கிடக்கா. நீ என்ன பண்றே?"

"மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்."

"சாப்பிட்டியா?"

"விடிஞ்சதுலேர்ந்து எத்தன தடவைங்க கேப்பீங்க? அவ வெளிய வந்து பழையபடி நீந்தட்டும். அன்னைக்கு நான் வர்றேன்."

வைத்துவிட்டாள். அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். அந்தக் கொஞ்சம் நீண்டுகொண்டே போனது. அவள் திரும்பி வருவது இப்போது, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு நீலவால் கப்பி மீனின் கையில், அதாவது துடுப்பில் இருந்தது.

அவர் லிப்ட் மெக்கானிக். இந்த வருஷம்தான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்தார். நின்றுபோன எதற்கும் ஒரு காரணம் இருக்கும், பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்தால் அது தெரிந்துவிடும் என்பது அவர் கொள்கை. லிப்ட் இல்லாததால் வீட்டில் மனைவியை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்; அவள் அடுக்களைக்குள் போனால் மீன்தொட்டியை. அவளும் போனபின், முக்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. ஆண்கள்! ஆண் கப்பிக்குத் தின்பது போக ஒரே வேலைதான். பெண் மீனுக்கு முன்னால் போய் வாலை விரித்து, உடம்பை வளைத்து, நடுங்கிக் காட்டும். அவள் வேண்டாம் என்று திரும்பினால், அந்தப் பக்கம் போய் மறுபடி நடுங்கும். வெட்கம் என்பதே அதன் பிறவியில் கிடையாது.

"ஒரு ஆணுக்கு ரெண்டு மூணு பொண்ணாவது இருக்கணும் சார்," என்றாள் மீன்கடைக்காரி. "தொல்லை பங்கு பிரிஞ்சிடும்."

பை நிறையப் பெண் மீன்கள் வாங்கி வந்து விட்டார். ஆனால் கப்பிகள் பழகின முகத்தோடுதான் சேரும். புது முகம் பழகப் பல நாளாகும். பழையவர்கள் ஒரு மூலையிலும் புதியவர்கள் ஒரு மூலையிலும் மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் மாதிரி நின்றார்கள். நீலவால்காரி எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

சரி, ஆண்களையே எடுத்துவிடுவோம் என்று பக்கெட்டில் மாற்றினார். பெண்ணில்லாத பக்கெட்டில் ஆண்கள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் கிழித்தன. ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்து வைத்தார். தாகத்துக்குச் சொம்பை எடுத்தால், உள்ளேயிருந்து ஒன்று அவரைப் பார்த்து வாலை விரித்து நடுங்கியது.

அதற்குள் தொட்டியில் தூசி மாதிரி குஞ்சுகள்.

"ஆணே இல்லையேம்மா!" என்று கடைக்கு ஓடினார்.

"ஒருதடவை சேர்ந்தா போதும் சார். மாசக்கணக்கா உள்ளயே சேத்து வெச்சுக்கிட்டு குட்டி போடும். சீக்கிரம் பிரிச்சு வைங்க, பெரிசுங்க தின்னுடும்."

வீட்டுக்கு வந்தபோது பெரிசுகள் சாப்பிட்டு முடித்திருந்தன. பெற்றவள் வாயிலேயே கடைசிக் குஞ்சின் வால் தெரிந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்து, தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டார். அக்கா வீட்டுக்குப் போன் போட்டார்.

"அவ தூங்கறா," என்றாள் மனைவியின் அக்கா.

"மத்தியானத்துலயா? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத் தூங்கறா."

அவள் பகலில் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. இனி வரமாட்டாள் என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. மீன்கடைக்காரியை அழைத்தார். "ஒரு நடை வீட்டுக்கு வந்து பாரும்மா. என்னால முடியல."

வந்தவள் தொட்டிக்கு அருகில்கூடப் போகவில்லை. எட்ட இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் டீ போட உள்ளே போனார்.

"சார், வெளிய வந்துட்டா!"

கரண்டியோடு ஓடி வந்தார். தண்ணீரில் ஒரு சுழிப்பு. நீலவால் பம்புக்குப் பின்னால் மறைந்தது.

"இப்பதானே சார் நடுவுல நின்னா. போங்க, டீ பொங்குது."

போனார். "வந்துட்டா!" ஓடி வந்தார். மறைந்தாள்.

"இந்தத் தடவ நான் கூப்பிட்டாலும் வராதீங்க. கதவுக்குப் பின்னாடி நின்னு கண்ணாடி பீரோவுல பாருங்க."

பார்த்தார். பீரோக் கண்ணாடிக்குள் நீலவால்காரி தொட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, வாலை விசிறிக்கொண்டு, நிம்மதியாகப் போய் வந்தாள்.

"அப்ப… என்னைப் பாத்துத்தானா?"

"கண்ணாடிகிட்ட இவ்வளவு பெரிய முகம் வந்தா, அது என்ன சார் நெனைக்கும்?"

அவருக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும். "என் வீட்டுக்காரிகிட்ட உடனே சொல்லணும். பாவம், அவளுக்கு இது தெரியவே தெரியாது."

மீன்கடைக்காரி அவரும் மனைவியுமாகச் சுவரில் மாட்டியிருந்த படத்தை அப்போதுதான் பார்த்தாள். எழுந்து கிட்டே போய் மறுபடி பார்த்தாள்.

"இந்த அம்மா வீடா சார் இது? இவங்களுக்குத் தெரியுமே! மீன் ஏன் ஒளியுதுன்னு முன்னாடியே கடைக்கு வந்து கேட்டாங்க. பாத்துக்கிட்டே இருக்கற ஆள விட்டு, ஒளியற உசுரக் கொஞ்ச நாள் வேற இடத்துல வைங்கம்மான்னேன். நான் மீனைத்தான் சார் சொன்னேன்."