மோகனாவுக்குத் தெரியாத மொழி

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் கழித்துப் புவனேஸ்வரன் ஒரு முடிவு எடுத்தார். வீட்டுக்கு வரப்போகும் பிள்ளை ஒன்றுதான். இரண்டு இல்லை.

முடிவை எடுத்த இடம் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடி வீட்டுக் குளியலறை. வெளியே வந்து அதை மனைவி மோகனாவிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. நாலு நாளாக அந்தப் பாக்கி அப்படியே இருந்தது.

புவனேஸ்வரன் கம்ப்யூட்டர் சிப்பு செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர். மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பெனி அவரைச் சீனாவுக்கு, சூசோ நகரத்துக் கிளைக்கு அனுப்பியது. மோகனாவும் கூடப் போனாள். பிள்ளை இல்லாதவர்கள். தத்தெடுக்க மனுப் போட்டது பினாங்கில், காத்திருந்தது சூசோவில். ஒருவழியாகத் தகவல் வந்தது. ஒரு பிள்ளைகள் இல்லத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது, பெயர் தர்ஷினி. அவளுக்கு ஐந்து வயதில் ஓர் அக்கா உண்டு, பெயர் ரூபினி. இரண்டு பேருமா, சின்னவள் மட்டுமா? இல்லத்தில் அதைத்தான் கேட்டார்கள். வியாழக்கிழமை சமூக நல இலாகா அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போவார். அதற்காகத்தான் இரண்டு வார விடுப்பில் இருவரும் ஊருக்கு வந்திருந்தார்கள்.

மோகனா "ரெண்டு பேரும்" என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள். அவள் எதையும் இரண்டாம் தடவை சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவசியம் வந்ததில்லை.

புவனேஸ்வரன் கல்நெஞ்சக்காரர் இல்லை. கொஞ்சம் முன்யோசனை உள்ளவர், அவ்வளவுதான். இப்போது வீட்டில் ஒன்றுக்கு ஒன்று. அதிலேயே அவர் ஒரு தடவையும் ஜெயிக்கவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை வந்தால் அது கட்சி சேர இன்னும் சில வருடம் ஆகும். ஐந்து வயதுக்காரி வந்த அன்றைக்கே ஓட்டுப் போட்டுவிடுவாள்.

கீழ்த்தளத்தில் மீ கோரேங் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீனிடம் மனதைத் திறந்தார்.

"வேணாம்னு மோகனாக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானே, அண்ணே?"

"சொல்லலாம்லா. சொன்ன பிறகு நான் எங்க சாப்பிடுறது?"

"என் கடை இருக்கு."

"மூணு வேளையுமா?"

அலாவுதீன் யோசித்தார். "மூணு வேளை என்னாலயே முடியாது" என்றார்.

நேர்வழி அடைபட்டது. புவனேஸ்வரன் சுற்றுவழி பார்த்தார். அந்தச் சுற்றுவழி சீனாவுக்குப் போய்த் திரும்பி வந்தது. அது புரிய வேண்டுமென்றால் மோகனாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

மோகனா பிறப்பில் சீனப் பெண். நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது புக்கிட் மெர்தாஜாம் ரயில்வே குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் அவளை வாங்கி வளர்த்தது. அந்த நாளில் அது பலருக்குத் தெரிந்த வழக்கம். பெண் பிள்ளை கூடிப்போன சீன வீட்டிலிருந்து, பிள்ளைக்கு ஏங்கிய தமிழ் வீட்டுக்கு வரும். மோகனா தேவாரம் பாடுவாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பாள். யார் வீட்டு ரசமானாலும் சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்வாள். பாசாரில் பேரம் பேசுகிற அளவுக்கு ஹொக்கியென் சீனம் வரும். பினாங்கில் அது யாருக்குத்தான் வராது. முகம் மட்டும் சீன முகம். இங்கே அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

சூசோவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹொக்கியென் அங்கே செல்லவில்லை. எல்லாம் மாண்டரின் சீனம். புவனேஸ்வரன் கம்பெனிச் செலவில் இரண்டு வருடம் வகுப்புக்குப் போய் அதைக் கற்றிருந்தார். காய்கறிக் கடையில் நின்று, ஒவ்வொரு சொல்லையும் ஏற்றி இறக்கி, "தக்காளி அரைக் கிலோ கொடுங்கள்" என்பார். கடைக்காரி அவரை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு மோகனா பக்கம் திரும்பி, "எந்தத் தக்காளி, அம்மா?" என்று கேட்பாள்.

"என்னங்க கேக்குறா?" என்பாள் மோகனா.

"எந்தத் தக்காளின்னு கேக்குறா."

"பழுத்தது."

அவர் அதை மாண்டரினில் சொல்வார். கடைக்காரி மறுபடி மோகனாவிடமே பதில் சொல்வாள். ஒருநாள் அவள் சொன்னது புவனேஸ்வரனுக்கு நன்றாகப் புரிந்தது. உங்கள் டிரைவர் பரவாயில்லை, கொஞ்சம் நம் மொழி பேசுகிறார்.

"என்னவாம்?"

"இன்னிக்குத் தக்காளி நல்லா இருக்காம்."

இப்படித்தான் அவருக்கு ஒரு சுகம் கிடைத்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக மோகனாவுக்கு எது போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கையில் இருந்தது. லிஃப்டில் ஒரு கிழவி மோகனாவின் குங்குமப் பொட்டைக் காட்டி, அடிபட்டதா, மருந்து தரட்டுமா என்று கேட்டாள். "அழகா இருக்காம்" என்று மொழிபெயர்த்தார். டாக்டர் அவரை ஆட்டுக்கறியைக் குறைக்கச் சொன்னார். "உடம்புல தெம்பு போதலையாம், கறி சேத்துக்கணுமாம்" என்றார். மோகனா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஏனோ வீட்டில் கீரைதான் அதிகமானது. விலை ஏறியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சுற்றுவழி இதுதான். சூசோவில் அவர்கள் இருந்தது ஓர் அறை வீடு. அதில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம். அதே கட்டடத்தில் பெரிய வீடு எதுவும் காலியில்லை என்று வீட்டுக்காரர் வாங் வாயாலேயே அதிகாரி கேட்டுவிட்டால், விஷயம் முடிந்தது. யாரும் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. இடம் சொல்லிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை வாங்கைக் கூப்பிட்டார். ஹாலில் உட்கார்ந்தே கூப்பிட்டார். எதிரில் மோகனா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெளியே போய்ப் பேசியிருக்கலாம். ஆனால் மனைவியின் கண்ணெதிரே உட்கார்ந்து, அவளுக்கு எதிராக, உரத்த குரலில் சதி செய்யும் பாக்கியம் எத்தனை கணவனுக்குக் கிடைக்கும்.

"வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். பெரிய வீடு காலி இருக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்று சொல்லுங்கள்" என்றார் மாண்டரினில்.

"பதினோராவது மாடியில் மூன்று அறை வீடு இருக்கிறதே."

"இருக்கட்டும். இல்லை என்று சொல்லுங்கள்."

"ஏன்?"

"என் மனைவி இரண்டு பிள்ளை கேட்கிறாள். நான் ஒன்று போதும் என்கிறேன்."

வாங் கொஞ்சம் தயங்கினார். "அவர் பக்கத்தில் இருக்கிறாரா?"

"எதிரிலேயே இருக்கிறாள். கவலைப்படாதீர்கள். ஒரு வார்த்தை தெரியாது."

அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று புவனேஸ்வரன் போனைப் பார்த்தார். கடைசியில் வாங், "நீங்கள் பழைய வாடகைக்காரர். நீங்கள் கேட்டால் சொல்கிறேன்" என்றார். குரலில் ஏதோ இரக்கம் இருந்தது.

"யாருங்க?" என்றாள் மோகனா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஹவுஸ் ஓனர்."

"என்னவாம்?"

"குழாய் ஒழுகுதாம். ஆள் விட்டுப் பாக்குறேன்னாரு."

"நல்ல மனுசன்" என்றாள் மோகனா.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். பெயர் சித்தி ஹாஜரா. பினாங்கு முஸ்லிம் வீட்டுப் பெண், வீட்டில் தமிழ் பேசுகிறவர். அறைகளைப் பார்த்தார், தேநீர் குடித்தார், ஃபைலைத் திறந்தார்.

"பாரத்துல ரெண்டு பிள்ளைங்கன்னு போட்டிருக்கீங்க, அண்ணே."

"ரெண்டுன்னா போட்டிருக்கு?"

"உங்க கையெழுத்துத்தானே இது?"

அவர் கையெழுத்துத்தான். ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில், பெட்டியின் மேல் வைத்து, மோகனா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டது. மாண்டரினில் இருபது பக்க வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிப்பவர், மோகனா நீட்டிய காகிதம் எதையும் இதுவரை படித்ததில்லை.

"எனக்கு ஆசைதான்" என்றார், ஒத்திகை பார்த்து வைத்திருந்த பெருமூச்சோடு. "ஆனா அங்க இடம் இல்லையே. நீங்களே கேளுங்க." ஸ்பீக்கரில் வாங்கைக் கூப்பிட்டுக் கேட்டார். வாங் பாடம் ஒப்பிக்கிற பையனைப் போல, பெரிய வீடு காலியில்லை என்றார்.

"இல்லையாம்" என்று மொழிபெயர்த்துவிட்டு, புவனேஸ்வரன் சோகமாகத் தலையை ஆட்டினார்.

மோகனா தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். போன் பக்கம் குனிந்தாள். பேச ஆரம்பித்தாள். மாண்டரினில், நிதானமாக, நடுவில் ஒருமுறை சிரித்து, வாங்கின் மனைவியின் முட்டிவலியை விசாரித்து.

"அக்காவுக்குச் சீனம் தெரியுமா?" என்றார் சித்தி ஹாஜரா.

"தெரியாது" என்றார் புவனேஸ்வரன். மூன்று வருடப் பழக்கம். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

வாங் இப்போது உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவை எடுத்தார். "என்ன சொல்றாரு, அண்ணே?"

வாழ்க்கையில் முதல் தடவையாகப் புவனேஸ்வரன் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்க்க வேண்டி வந்தது. பக்கத்தில் பரீட்சை அதிகாரி மாதிரி மோகனா.

"பதினோராவது மாடியில மூணு ரூம் வீடு இருக்காம்."

"அப்புறம்?"

"போன மாசமே இவ சாவி வாங்கிட்டாளாம்."

"அப்புறம்?"

"திரை எல்லாம் தைச்சு மாட்டியாச்சாம்."

வாங் இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்தார். புவனேஸ்வரன் வாயை மூடிக்கொண்டார்.

"அதையும் சொல்லுங்க" என்றாள் மோகனா.

"இனிமே போன்ல இவளே பேசட்டுமாம். நான் பேசுறது அவருக்குப் போனை வச்ச பிறகுதான் புரியுதாம்."

சித்தி ஹாஜரா இதை எழுதிக்கொள்ளவில்லை.

"எப்ப கத்துக்கிட்டே?" என்று கேட்டார் புவனேஸ்வரன், மெதுவாக.

"காலையில எட்டு மணிக்குப் போறீங்க, ராத்திரி வர்றீங்க. நான் சுவரோட பேசிக்கிட்டு இருப்பேனா? லிஃப்ட்ல வர்ற கிழவிதான் சொல்லிக் கொடுத்துச்சு. முதல் வருசமே."

"ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க மொழிபெயர்க்கும்போது முகத்துல ஒரு சந்தோசம் வரும். அதை ஏன் கெடுக்கணும்." கோப்பைகளை அடுக்கினாள். "ஆட்டுக்கறி விசயம் அன்னைக்கே தெரியும்."

அதிகாரி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அக்கா, நான் ஒண்ணு கேக்கணும், எழுத வேண்டியிருக்கு. ஒரு பிள்ளைன்னா சுலபம். ஏன் ரெண்டு பேரும்?"

மோகனா உடனே பதில் சொன்னாள். ரயில் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"எனக்கு ஒரு அக்கா இருந்துச்சாம். என்னை இந்தப் பக்கம் கொடுத்த அதே வாரம் அதை வேற வீட்டுக்குக் கொடுத்துட்டாங்க. எந்த வீடு, எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல. பஸ்ல ஏறினா என் வயசுப் பொம்பளைங்க முகத்தைப் பாப்பேன். பழக்கமாயிருச்சு. சூசோவுலயும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அது அங்க எப்படி இருக்கும், நானொரு பைத்தியம்."

பத்தொன்பது வருடத்தில் புவனேஸ்வரன் இதைக் கேட்டதில்லை. பஸ்ஸில் அவள் ஏன் எப்போதும் ஆட்களைப் பார்த்த மாதிரி உட்காருகிறாள் என்றும் கேட்டதில்லை. ஜன்னலோரம் அவருக்குக் கிடைத்தது, அது போதும் என்று இருந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் வரட்டும்" என்றார். அந்த அறையில் அவர் சொல்லுக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆனாலும் சொன்னார். சித்தி ஹாஜரா அதை எழுதிக்கொண்டார்.

அனுமதி வர மூன்று மாதம் ஆனது. பிள்ளைகளைச் சூசோவுக்குக் கூட்டிப்போக இருவரும் மறுபடி விடுப்பில் வந்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அக்காவும் தங்கையும் ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்தார்கள். சின்னவள் வந்ததும் தூங்கிவிட்டாள். ரூபினி நாற்காலி நுனியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "அங்கிள், டிவி பாக்கலாமா?" என்று கேட்டாள்.

புவனேஸ்வரன் சமையலறைப் பக்கம் திரும்பினார். "மோகனா, டிவி பாக்கலாமான்னு கேக்குறா."

"அரை மணி நேரம்."

"அரை மணி நேரமாம்" என்றார் ரூபினியிடம்.

ரூபினி அவரைப் பார்த்தாள். சமையலறையைப் பார்த்தாள். மறுநாள் பால் வேண்டியிருந்தபோது அவர் காலைத் தாண்டி நேரே உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மாலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா."

அந்தச் சொல்லை அவர் முதல் தடவையாகக் கேட்டார். பேப்பரை மடித்து வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா?"

"அம்மாகிட்ட கேட்டாச்சு. நீங்க கீழ போய் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரணுமாம்."

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். வீட்டில் ஒரு விஷயமாவது தன் யோசனைப்படி நடக்கட்டும் என்று, "ஒண்ணு வாங்கினா போதும்தானே?" என்று கேட்டார்.

ரூபினி சமையலறைப் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு" என்றாள்.