அணைய மறுத்த ஆயில் விளக்கு

எனக்கு நல்ல யோசனைகள் எல்லாம் மாதா கோவில் பூசை நேரத்தில்தான் வரும், அதுவும் சாமியாரின் பிரசங்கத்தின் நடுவில். (பிரசங்கம் நீளம் என்று குறைப்படுகிறவர்கள் என்னைப் போல உருப்படியாக எதையாவது யோசிக்கலாம்.) அந்த ஞாயிற்றுக்கிழமையும் சட்டென்று வந்தது. பெரியப்பா வேனின் ஆயில் பிரஷர் ஸ்விட்சைத் தளர்த்திவிட்டு இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆயில் கசிந்தால் பிரஷர் இருக்கிறது, கசியாவிட்டால் இல்லை. காரைக்காலின் நான்கு மெக்கானிக்குகளுக்குத் தோன்றாதது, பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தோன்றிவிட்டது. அந்தப் பூரிப்பில், எல்லோரும் எழுந்து நின்ற பிறகும் நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். பெரியம்மா தொடையில் கிள்ளினார்.

என் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’. மற்ற சொல்தாக்கள் ஊர் திரும்பும்போது கடிகாரமும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். இவர் கப்பலில் ஒரு பழைய வேனைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே மடக்குக் கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் உண்டு. ஊர் அதற்குக் ‘கட்டில் வேன்’ என்று பேர் வைத்தது. இன்ஜின் பின்பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முதல் மெக்கானிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

நெரவி ரோட்டில் அந்த வேனில்தான் பெரியப்பா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கோடை விடுமுறையில் கொடைக்கானல் வரை நான்தான் ஓட்டுவது என்று பேச்சு. அந்தச் சமயத்தில்தான் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் விளக்கு எரிய ஆரம்பித்தது. சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டிய விளக்கு அது. இப்போது ஓடினாலும் எரிந்தது, நின்றாலும் எரிந்தது. இரண்டு முறை ஆயில் மாற்றினோம், அசையவில்லை. நான்காவது மெக்கானிக், “இன்ஜின் முடிஞ்சிருச்சுங்க, இனிமே ஓட்டாதீங்க” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

ஜவுளிக்கடை ஜமால் பாய்க்குச் செய்தி எட்டியது. வளைகுடாவில் பத்து வருஷம் இருந்து வந்தவர். நெடுங்காடு, சுரக்குடிப் பக்கமெல்லாம் துணி மூட்டைகளோடு போய் விற்க ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். கட்டிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் மூட்டைக்குச் சரியாக இருக்கும் என்று கணக்கு. பெரியப்பா பட்டாளத்துக்காரர், ஒரே பேச்சு.

“வெள்ளிக்கிழமைக்குள்ள வெளக்கு அணையலன்னா வண்டி ஒங்களுக்கு.”

என் கொடைக்கானல் ஒரு விளக்கில் தொங்கியது.

திங்கள் முதல் வியாழன் வரை நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? படம் வரைந்தேன். நான்கு நிறப் பென்சில்களில், அம்புக்குறிகளோடு. (எங்கள் வாத்தியார் பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.) வெள்ளி மதியம், ஜும்மா முடிந்த கையோடு ஜமால் பாய் வந்தபோதுதான் ஸ்பேனரையே கையில் எடுத்தேன். அவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி. அத்தர் மணம் தெருமுனையிலிருந்தே வந்தது.

“என்னா தம்பி, அணைஞ்சிச்சா?”

“இப்ப அணையும் பாருங்க பாய்.”

“பாக்கத்தானே வந்திருக்கேன்.” சொல்லிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திறந்திருந்த இன்ஜினுக்கு நேர் பின்னால் வந்து நின்றார்.

இன்ஜினில் திருகியிருக்கும், அந்த விளக்கை எரியவும் அணையவும் வைக்கிற ஸ்விட்சின் வயரைக் கழற்றித் தனியாகத் தொங்கவிட்டேன். ஸ்விட்சை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். போதுமா? கசிவது பாய்க்கும் தெரிய வேண்டுமே. இன்னும் இரண்டு சுற்று. பார்வையாளரை மதித்து இன்னும் ஒன்று.

“பெரியப்பா, ஸ்டார்ட் பண்ணுங்க.”

“அலே” என்று பிரெஞ்சில் உத்தரவிட்டுக்கொண்டு பெரியப்பா சாவியைத் திருப்பினார்.

கசியவில்லை, பீறிட்டது. ஸ்விட்ச் எங்கோ பறந்தது. அதன் பின்னாலேயே போன வாரம் ஊற்றிய புத்தம்புது ஆயில், நல்ல தேன் நிறத்தில், வளைந்து போய் ஜமால் பாயின் நெஞ்சில் இறங்கியது. அவர் கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்றார். நான் அந்த ஓட்டையை உள்ளங்கையால் பொத்தப் போக, மிச்சம் அவர் முகத்துக்குத் திரும்பியது.

“நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று நான் கத்தியது முன்பக்கம் போய்ச் சேர ஒரு யுகம் ஆயிற்று.

ஒருவழியாக இன்ஜின் நின்றது. ஜமால் பாய் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் நிதானமாகச் சொன்னார்: “முசியே, இன்ஜின்ல ஒரு பழுதும் இல்ல. நானே சாட்சி. வண்டி எனக்குத்தான்.”

நான் இடிந்துபோனேன். நல்ல இன்ஜின் என்று நிரூபித்து, வண்டியை நானே அவருக்குத் தாரை வார்த்திருந்தேன்.

பெரியம்மா வாளியில் தண்ணீரும் துண்டும் கொண்டு ஓடிவந்தார். பெரியப்பா மறுபடி சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தார். “இன்னும் எரியுதேடா.”

“எரியத்தானே செய்யும், இன்ஜின் ஓட...” என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றேன். அந்த வயர் எங்கேயாவது இரும்பைத் தொட்டால்தான் விளக்கு எரியும். அதுவோ என் கண் முன்னால் அந்தரத்தில் தொங்குகிறது. அப்படியானால் வழியில் வேறெங்கோ தொடுகிறது. ஆயில் கையோடு வண்டிக்கு அடியில் புகுந்தேன். பின்னாலிருந்து முன்வரை வயரைத் தடவிக்கொண்டே போய், டேஷ்போர்டின் பின்னால் விரலை விட்டேன். ஒரு ஸ்குரூவின் கூர்முனை வயரின் நடுவில் குத்தி நின்றது.

அந்த ஸ்குரூவின் மறுமுனையில் வேளாங்கண்ணி மாதா படம்.

வேளாங்கண்ணிக் கோவிலில் சாமியாரைக் கொண்டு வண்டியை மந்திரித்து வந்த அன்று, பெரியம்மா சொல்லி அதை மாட்டியவன் நான். குண்டு குழியில் விழுந்துவிடக் கூடாது என்று வீட்டிலேயே நீளமான ஸ்குரூவாகத் தேடி எடுத்ததும் நான். விளக்கு எரிய ஆரம்பித்தது அதற்கு மறுநாள். படத்தைச் சந்தேகிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. வந்த மெக்கானிக்குகளோ அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஆயிலைப் பார்க்கப் போனார்கள்.

“பெரியம்மா, மாதாவைக் கொஞ்சம் கழட்டணும்.”

“எதை வேணும்னாலும் கழட்டு. அது மேல கை வைக்காதே.”

“அந்த ஸ்குரூதான் வயரைக் குத்துது. நான்தான் முடுக்கினேன்.”

பெரியப்பா என்னைப் பார்த்தார். பட்டாளத்தில் யாரையோ சுடச் சொல்லும் முன் அப்படித்தான் பார்த்திருப்பார். பிறகு ஸ்குரூ டிரைவரை வாங்கி, சிலுவை போட்டுக்கொண்டு, தானே திருப்பினார். நான்காவது சுற்றில் விளக்கு அணைந்தது.

“மாதாவை எடுத்தா அணையுதுன்னா, தப்பு அந்த வெளக்கு மேலதான்” என்றார் பெரியம்மா. (இன்று வரை அந்தத் தீர்ப்பில் மாற்றமில்லை.)

வயரில் டேப் சுற்றி, சாக்கடை ஓரம் கிடந்த ஸ்விட்சைக் கழுவி மாட்டி, ஆயில் ஊற்றினோம். சாவி போட்டதும் எரிந்தது. இன்ஜின் ஓடியதும் அணைந்தது. அதைப் போல அழகான இருட்டை நான் பார்த்ததில்லை.

ஜமால் பாய் அதற்குள் குளித்து, பெரியப்பாவின் பட்டாளத்துக் கால்சட்டையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். “அணைஞ்சிருச்சே பாய்” என்றார் பெரியப்பா.

“தெரியுது முசியே. என் சட்டையக் குடுத்து ஒங்க வண்டியக் காப்பாத்தியிருக்கேன். அத மட்டும் மறந்துராதீங்க.”

மறக்க விடுவாரா? கல்யாணம், சாவு எங்கே பார்த்தாலும் சபை நடுவில் அந்தக் கதையை அவரே சொல்கிறார். ஒவ்வொரு முறையும் ஆயில் ஒரு முழம் கூடுதல் உயரம் பீறிடுகிறது. எங்கள் வீட்டிலோ, நான் ஸ்பேனரை எடுத்தால் எல்லோரும் உள்ளே போய்ப் பழைய துணி உடுத்திக்கொண்டு வருகிறார்கள்.

கொடைக்கானலுக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன். வழியில் மழை பிடித்து, ஒழுகும் இடத்தைத் தேடியபோது இன்னொரு விஷயம் தெரியவந்தது: அந்த வேனின் கூரை கூடாரம் போல மேலே எழும்புமாம். கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதல் யாரும் திறந்ததில்லை. கீல் துருப்பிடித்துக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டிருக்கிறேன். போன ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு வழி தோன்றியது. கார் ஜாக்கியை உள்ளே கட்டில் மேல் வைத்து, கூரையைக் கீழிருந்து தூக்க வேண்டும். சனிக்கிழமை செய்யப்போகிறேன். பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.